நாட்டுக்கோழி முட்டையா, பண்ணை முட்டையா? கொடுக்கிற காசுக்கு எதில் சத்து அதிகம்?

நாமக்கல்:

வாரச்சந்தை வாசலில் கூடையை இறக்கி வைத்து, "அசல் நாட்டுக்கோழி முட்டைம்மா, தோட்டத்து முட்டை" என்று ஒரு குரல் வந்தால் போதும். பஸ்சை விட்டாலும் பரவாயில்லை என்று தாய்மார்கள் நின்று விடுகிறார்கள். வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கும், இல்லையென்றால் காய்ச்சலில் இளைத்துப் போன பிள்ளை இருக்கும். வெள்ளை முட்டையைப் போல இரண்டு மடங்கு விலை சொன்னாலும், பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.

இரண்டு மடங்கு காசுக்கு இரண்டு மடங்கு சத்து கிடைக்கிறதா என்றால், இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பண்ணையில் இருந்து வரும் நடுத்தர வெள்ளை முட்டை ஓட்டோடு சேர்த்து சுமார் 55 கிராம் இருக்கும். அதில் 6 கிராம் புரதம் உண்டு. நாட்டுக்கோழி முட்டை சிறியது. 40 கிராம் எடை இருந்தால் புரதம் நாலரை கிராம்தான். வெள்ளை முட்டை 7 ரூபாய், நாட்டு முட்டை 15 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 100 ரூபாய்க்கு வெள்ளை முட்டை 14 வரும், அதில் 84 கிராம் புரதம். அதே 100 ரூபாய்க்கு நாட்டு முட்டை 6 வரும், அதில் 27 கிராம்தான். கூலி வேலை செய்து பிள்ளை வளர்க்கிற வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்படியானால் நாட்டு முட்டைக்கு ஏன் அந்த விலை? பண்ணையில் வளர்க்கிற வெள்ளைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். வீட்டில் மேய்கிற நாட்டுக்கோழி 100 முட்டை போட்டாலே அதிகம். நடுவில் அடைக்கு வேறு உட்கார்ந்து விடும். வரத்து குறைவு, அதனால் விலை கூடுதல். சத்துக்காக ஏறிய விலை அல்ல.

ஓட்டின் நிறமும் அப்படித்தான். வெள்ளை, பழுப்பு என்பது கோழி இனத்தைப் பொறுத்தது. கரு நல்ல மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் கோழி தின்ற தீவனம், மக்காச்சோளம், பச்சைப்புல். மேய்ந்து வளர்ந்த கோழியின் முட்டையில் சில வைட்டமின்கள் கொஞ்சம் கூடலாம். ருசியும் சிலருக்குப் பிடிக்கும். வசதி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

டீத்தூள் சாயம்

ஆனால் வாங்குவது நாட்டு முட்டைதானா என்பதே சந்தேகம். இளங்கோழி முதலில் போடும் சிறிய பண்ணை முட்டைகளை டீத்தூள் தண்ணீரில் ஊற வைத்து, நிறம் ஏற்றி விற்பதாகப் பல ஊர்களில் புகார் எழுந்திருக்கிறது. இன்னொரு பக்கம் கிராமப்பிரியா, வனராஜா போன்ற கலப்பினக் கோழிகளின் பழுப்பு முட்டையும் 'நாட்டு முட்டை' என்ற பெயரிலேயே விலை போகிறது. அது கெடுதல் இல்லை, ஆனால் சொன்ன பொருளும் இல்லை.

அசல் நாட்டு முட்டை நாலு வீட்டில் சேகரித்து வருவது. ஒன்று சிறுத்திருக்கும், ஒன்று பெருத்திருக்கும். ஒன்று வெளுத்திருக்கும், இன்னொன்று லேசான பழுப்பாக இருக்கும். ஒரு அட்டை முழுக்க அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் யோசித்து வாங்க வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம். கருங்கோழி முட்டை என்று இன்னும் பெரிய விலை சொல்வார்கள். கருப்பாக இருப்பது கோழிக்கறிதான், முட்டை கருப்பாக இருக்காது.

'ஒமேகா 3' என்று அச்சடித்த டப்பா முட்டையும் கடைக்கு வந்து விட்டது. ஆளிவிதை போன்ற தீவனம் கொடுத்தால் அந்தக் கொழுப்பு முட்டையில் கூடுவது நிஜம்தான். அதற்காக அவ்வளவு காசு கொடுப்பதை விட, வாரம் ஒருநாள் மத்தி மீன் குழம்பு வைத்தால் அதைவிட அதிகமாகவே கிடைத்து விடும்.

பச்சை முட்டை குடிக்கலாமா?

வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுக்கிறவர்கள் பாசத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பச்சை முட்டையில் உள்ள புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும். வேக வைத்தால் 10-ல் 9 பங்கு சேரும். கோழி எச்சம் மூலம் வரும் சால்மோனெல்லா கிருமி வயிற்றுப்போக்கு, காய்ச்சலைக் கொண்டு வரும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் ஆஃபாயிலையும் தவிர்ப்பது நல்லது.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏ, டி, பி12 வைட்டமின்கள் பெரும்பாலும் இருப்பதே அதில்தான். ஒரு கருவில் சுமார் 200 மில்லி கிராம் கொழுப்புச்சத்து, அதாவது கொலஸ்ட்ரால் உண்டு. இருந்தாலும் நல்ல உடம்புள்ளவர் தினம் ஒரு முட்டை சாப்பிடுவதால் பொதுவாகப் பாதிப்பு இல்லை. சர்க்கரை, இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். முட்டையில் வைட்டமின் சி கிடையாது, நார்ச்சத்தும் கிடையாது. முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் அந்தக் குறையும் தீர்ந்தது.

சத்துணவில் 1989-ல் 2 வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-ல் வாரத்துக்கு 5 என்று ஆன முட்டையும் இதே பண்ணை முட்டைதான். பிள்ளை பள்ளியில் அதைச் சாப்பிடாமல் வருகிறதா என்று கேட்டுக் கொள்வது, சந்தையில் 15 ரூபாய் முட்டை தேடுவதை விடப் பிரயோஜனம்.

நாள்பட்ட முட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாளாக ஆக உள்ளே ஈரம் வற்றி, காற்று சேரும். அடியில் படுத்தால் புதுசு. நுனி கீழே இருக்க நின்றால் பழசு, நன்றாக வேக வைத்துத் தின்று விடலாம். மிதந்தால் கொட்டி விட வேண்டியதுதான். கீறல் விட்ட முட்டையை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வாங்கி வந்ததும் கழுவி வைக்கவும் வேண்டாம், ஓட்டின் மேல் உள்ள இயற்கையான பூச்சு போய் சீக்கிரம் கெட்டுவிடும். சமைக்கப் போகும்போது கழுவினால் போதும்.