எது மலையகப் பாட்டு?

தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற அமரப் பேச வேண்டிய விசயம் இது. இலங்கையின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் பாடுவதை ‘மலையகப் பாட்டு’ என்கிறோம். உடனே ஒரு கேள்வி வரும். தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவைதானே? இதில் மலையகம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. மெட்டை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. பாட்டுக்குள்ளே யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள். ஊர்த் தெம்மாங்கில் வயலும் வரப்பும் இருந்தன. அதே மெட்டு தோட்டத்து வரிசைவீடான லயத்துக்கு வந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களமும் கொழுந்துக்கூடையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் உள்ளே வந்துவிட்டார்கள். தேயிலைக்கு முன்பு இங்கே இருந்த கோப்பியை 1869-இல் தொடங்கிய இலைநோய் அழித்தது. கோப்பிக் காலமோ பாட்டில் தங்கிவிட்டது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல் துரையின் கணக்கைச் சொல்லும். கொழுந்தெடுத்தவளின் கணக்கைச் சொல்ல அவள் பாட்டு மட்டுமே உண்டு. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) அதனால்தான் ஒரு வரலாற்று நூலும் ஆகிறது.

அமெரிக்காவில் ‘கன்ட்ரி’ இசைக்கும் இதே வழக்கு நடக்கிறது. 1920-களில் இசைத்தட்டுக் கம்பனிகள் தென்மாநிலத்து வெள்ளையர் பாட்டை ‘ஹில்பில்லி’ என்றும் கறுப்பர் பாட்டை ‘ரேஸ்’ என்றும் பிரித்து விற்றன. இரு சாராரும் பல பாட்டுகளைப் பொதுவாகவே பாடிவந்தார்கள். கன்ட்ரியின் அடையாளமான பாஞ்ஜோவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வாத்தியம். விற்பனைக்காகப் போட்ட கோடு நாளடைவில் மரபு என்று பெயர் வாங்கிக்கொண்டது. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டை பில்போர்ட் இதழ் தன் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கியபோது அந்தப் பழைய கோடு மறுபடி வெளியே தெரிந்தது.

நம்மிடமும் அப்படியொரு கோடு உண்டு. தப்பு என்னும் தோல்வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குளிரில் தோல் தளர்ந்துவிடும். தீமூட்டிக் காய்ச்சித்தான் முறுக்கேற்றுவார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சி. விடியலில் ஆட்களை எழுப்பியது பெரட்டுத் தப்பு. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடும்போது ரதியும் மன்மதனும் அடியெடுத்து வைப்பதும் தப்புக்குத்தான். அப்படியிருந்தும் அடித்தவரின் சாதியைப் பார்த்து அதைச் சாவுக்கொட்டு என்று ஒதுக்கினோம். தப்பை வெளியே நிறுத்திவிட்டு மலையக இசைக்கு எல்லை வகுப்பது பெரும் அநியாயம்.

இன்னொரு கோடும் உண்டு: எழுதியவர் பெயர் தெரிந்தால் அது மக்கள் பாட்டில்லை என்பது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதி அச்சிட்டார். கூட்டங்களில் தாமே பாடினார். கேட்டவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அதை எப்படி வெளியே தள்ளுவது? இன்று தோட்டத்துப் பையன்கள் கீபோர்ட் வைத்துச் சம்பளத்தையும் காணியுரிமையையும் பாடினால் அதற்கும் இதே நியாயம்தான்.

என்னுடைய அளவுகோல் இதுதான்: தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் பாட்டை, அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் தங்கள் ஆட்களுக்காகப் பாடினாலோ, தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டாலோ அது மலையகப் பாட்டு. மெட்டு எங்கிருந்து வந்தாலும் சரி.

உங்கள் வீட்டில் அம்மாயி இருந்தால் இந்தக் கிழமையே பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கொழுந்தெடுக்கும்போதா, பிள்ளையைத் தூங்க வைக்கும்போதா என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதி வையுங்கள். பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். கொச்சை என்று நாம் வெட்டி எறியும் சொல்லில்தான் அந்தப் பாட்டு எந்த மலையில் விளைந்தது என்பதற்கான சாட்சி இருக்கும்.