வெயிலில் கவனம் சிதறும், குளிரில் விரல் மரக்கும்

சித்திரை வெயிலில் சித்தாள் ஒருவர் மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நிழலுக்குத் தூக்கிப் போகிறார்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், ஆட்டோ வருகிறது. அந்த மயக்கத்துக்கு வெகுநேரம் முன்பே அவருக்குள் வேறொரு சரிவு தொடங்கியிருக்கும். மேலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் மனதில் பதியத் தாமதமாகியிருக்கும். சாரத்தில் கால் வைக்கும் கணக்கு ஒரு விரற்கடை தப்பியிருக்கும். இதையெல்லாம் நாம் வெயிலின் பேரில் எழுதுவதில்லை. "பார்த்து வேலை செய்ய மாட்டாயா?" என்று அவர் பேரிலேயே எழுதிவிடுகிறோம். வெயிலும் குளிரும் உடம்பைச் சாய்ப்பதற்கு முன் வேலையை எப்படிக் கெடுக்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உடம்பின் உட்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். செங்கல் சுமக்கும்போது தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவது. மற்றொன்று, வியர்ப்பது. மண்பானை நீர் கசிந்து உலர்வதால் குளிர்வதைப் போலத்தான் இதுவும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக உலர்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது உலர வேண்டும். சொட்டி விழுந்த வியர்வையால் பயனில்லை, உடம்பு இழந்த நீர்தான் மிச்சம். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வெப்பமானியில் 40 தொடாத நாளில்கூடச் சென்னையில் உயிர் போகிறாற்போலப் புழுங்குவது அதனால்தான்.

தொலைக்காட்சியில் சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது. வேலை செய்பவருக்கு அது மட்டும் போதாது. 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது வேறொரு அளவை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்று. முதலாவதற்கு 70 சதவீதம், இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 10 என்று மதிப்புக் கொடுத்துக் கூட்டினார்கள். நாம் தினமும் பார்க்கும் வெப்பநிலைக்குக் கிடைத்த பங்கு வெறும் பத்து சதவீதம்! வியர்வை உலருமா உலராதா என்பதைக் காட்டும் ஈரத்துணிக்குத்தான் பெரும்பங்கு. தொழிலாளர் பாதுகாப்புக்கான உலகத் தர அளவுகள் இன்றும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன.

இனி இதயத்தின் பாடு. வேலைக்காகத் தசையும் ரத்தம் கேட்கிறது, குளிர்வதற்காகத் தோலும் கேட்கிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீரும் குறைந்துகொண்டே போகிறது. இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். ஒரு கட்டத்தில் கை தானாகவே மெதுவாகும். சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உட்சூடு ஏறாமலிருக்க உடம்பு பிடிக்கும் பிரேக் அது. எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறை இந்த இடத்தில்தான் கொடுமையாகிறது. உடம்பு நில் என்கிறது, வீட்டுச் செலவு நடத்து என்கிறது. பெரும்பாலும் செலவுதான் ஜெயிக்கிறது.

கை மெதுவாவது கண்ணுக்குத் தெரியும். கவனம் குறைவது தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் இதை அளந்து காட்டினார். தந்தியாளர்களைச் சூடேற்றிய அறையில் உட்காரவைத்து, காதில் கேட்கும் மோர்ஸ் செய்திகளை மணிக்கணக்கில் எழுதச் சொன்னார். ஓரளவு சூடு வரை பிழைகள் பெரிதாக மாறவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் ஏறத் தொடங்கின. மிக அதிகச் சூட்டில் பல மடங்காகிவிட்டன. இதில் இன்னொன்றும் தெரிந்தது. கைதேர்ந்த தந்தியாளர்கள் கடைசிவரை ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். அனுபவம் குறைந்தவர்கள்தான் முதலில் சரிந்தார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. கை பழகிய எளிய வேலை வெயிலிலும் நடக்கும். ஒன்றை நெடுநேரம் கண் கொட்டாமல் கவனிப்பது, ஒரே நேரத்தில் இரண்டைப் பார்த்துக்கொள்வது, புதிதாக ஒன்றைக் கற்பது ஆகியவைதான் முதலில் கெடும். கிரேன் ஓட்டுபவர், லாரி ஓட்டுநர், பாய்லர் அருகில் நிற்பவர் எல்லோருடைய வேலையும் இந்த வகைதான். கலிபோர்னியாவில் 2001 முதல் 2018 வரையிலான தொழிலாளர் காயக் கணக்குகளை ஆராய்ந்தபோது, வெப்பநிலை சுமார் 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் விபத்துகள் 10 முதல் 15 சதவீதம் வரை கூடியிருந்தன. அவற்றில் வெப்ப மயக்கம் என்று பதிவானவை சிறு பகுதிதான். ஏணியிலிருந்து விழுந்தது, இயந்திரத்தில் கை சிக்கியது, வண்டி இடித்தது என்றே பெரும்பாலானவை பதிவாகியிருந்தன. காரணம் எழுதும் கட்டத்தில் வெயில் இல்லை. நம் ஊர் விபத்துப் பதிவேடுகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 2016 கோடையில் பாஸ்டன் நகரில் ஏசி இல்லாத விடுதி அறைகளில் தூங்கி எழுந்த மாணவர்களையும் ஏசி அறைகளில் தூங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள். காலையில் கைபேசியில் வைத்த சிறு தேர்வில், சூடான அறையில் தூங்கியவர்கள் விடை சொல்ல 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் பள்ளி இறுதித் தேர்வை வெப்பமான நாளில் எழுதியவர்களின் மதிப்பெண் குறைந்ததும் ஆய்வில் தெளிவானது. நம் பொதுத்தேர்வுகள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடக்கின்றன. தகரக் கூரை வீட்டில் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு வரும் பிள்ளையும், ஏசி அறையில் தூங்கிவிட்டு வரும் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் வாங்குகிறார்கள். இதைச் சமமான போட்டி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தொழிற்சாலைகளின் கணக்கும் இருக்கிறது. இந்திய ஆலைகளின் பல ஆண்டுத் தகவலை அலசிய பொருளியல் ஆய்வொன்று, ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று கண்டது. சூரத் நெசவுக்கூடங்களிலும் டெல்லி சுற்றுவட்டாரத் தையல் ஆலைகளிலும் தினசரி உற்பத்தியை எடுத்துப் பார்த்தார்கள். குளிரூட்டிய இடங்களில் உற்பத்தி குறையவில்லை, ஆனால் ஆள் வராத நாட்கள் குறையவும் இல்லை. ஆலையைக் குளிர்வித்தாலும் தொழிலாளியின் வீடு சூடாகத்தானே இருக்கிறது!

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்ததைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தையல் மெஷின் ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விளக்கு தொங்கும். பழைய விளக்குகள் வெளிச்சத்தோடு சூட்டையும் குனிந்து தைக்கும் பெண்ணின் தலையிலேயே இறக்கிக்கொண்டிருந்தன. மின்செலவைக் குறைப்பதற்காக எல்இடி விளக்குகளை மாட்டினார்கள். வெயில் நாட்களில் உற்பத்திக்கு நேர்ந்துவந்த இழப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் அதனால் இல்லாமல் போனது. தலைக்கு மேல் நடந்த சிறு மாற்றம், நாள் முழுக்கக் குனிந்திருக்கும் உடம்புக்கு அவ்வளவு பெரியதாக இருந்திருக்கிறது.

உடம்பு வெயிலுக்குப் பழகும். ஒன்றிரண்டு வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும். பழகாத முதல் நாட்கள்தான் ஆபத்து. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, வெப்பத்தால் வேலையிடத்தில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேலையில் சேர்ந்த முதல் நாளே இறந்தவர்கள். பழக்கமோ சில வாரங்கள் விலகியிருந்தால் போய்விடும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்து ஜூன் மாதத்தில் திரும்பும் நம்மவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. தடை இருந்தாலும், இத்தனை வருட அனுபவம் உள்ள ஆளுக்கு என்ன என்று முதல் நாளே முழுச் சுமையைத் தூக்க வேண்டாம்.

குளிரின் வழி வேறு. அது முதலில் விரலைப் பிடிக்கும். தூத்துக்குடிப் பக்கத்து ஏற்றுமதிக் கூடங்களில் ஐஸில் கிடக்கும் இறாலைத் தலை கிள்ளித் தோல் உரிக்கும் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உட்சூட்டைக் காப்பாற்ற உடம்பு கைக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடுகிறது. விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்க வேலை தடுமாறும். 8 டிகிரியை நெருங்கினால் தொட்டது தெரியாது. நரம்பில் செய்தி மெதுவாக ஓடும், மூட்டுக்குள் இருக்கும் திரவம் கெட்டிப்படும். கத்தி விரலில் பட்டதே ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். தடித்த கையுறை போட்டால் குளிர் குறையும், தொடு உணர்வும் சேர்ந்தே குறையும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மார்பையும் வயிற்றையும் நன்றாக மூடிக் கதகதப்பாக வைத்தால் உடம்பு கைக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். விரல் மரத்துப்போகிறவர் கையை மட்டும் மூடாமல், உள்ளே ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் நெடுநேரம் இருந்தால் அறிவும் மங்கும். பேச்சு குழறும், கால் தடுமாறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். வெயிலிலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். பாதிக்கப்பட்டவருக்கு இவை தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழக உப்பளங்களில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் பாதுகாப்பு அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருந்தது. உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது, கழிப்பறையும் பல இடங்களில் கிடையாது. ஒதுங்க இடமில்லாத பெண் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார், நீர்க்கடுப்போடு உப்பு வாருகிறார். அங்கே கழிப்பறை கட்டித் தராமல் தண்ணீர் குடிக்கச் சொல்வது வெறும் பேச்சு. தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. நல்ல காரியம்தான். சாவுக்கு முன்னால் தினமும் நடக்கும் இழப்புக்கு இன்னும் கணக்கு இல்லை.

வீடு கட்டுகிறவரோ, பட்டறை நடத்துகிறவரோ, நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பவரோ இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உயரத்தில் செய்யும் வேலையையும் இயந்திர வேலையையும் காலை பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை போதும், நாளுக்கு நாள் கூட்டிக்கொள்ளலாம். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், உட்கார நிழல், போய்வரக் கழிப்பறை. வேலை செய்பவர்களை இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள், ஒருவர் பேச்சு குழறினால் மற்றவர் சொல்வார். இத்தனையும் செய்துவிட்டு ஓய்வு நேரத்துக்குக் கூலியைப் பிடித்தால் யாரும் ஓய்வெடுக்க மாட்டார்கள். கூலியைக் குறைக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.