மலைக்கோட்டையை வரைந்தவர்கள்: ஒருவர் பெயர் லண்டனில், மற்றவர்கள் பெயர் எங்கே?

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தில் வரும்போது மலைக்கோட்டையை செல்போனில் படம் எடுக்காதவர்கள் குறைவு. 1792-ல் தென்னாட்டுக்கு வந்த இரண்டு ஆங்கிலேயர்கள் இதே பாறையைத் தாளில் பிடித்தார்கள். ஒருவர் தாமஸ் டேனியல். இன்னொருவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல்.

1785-ல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியபோது வில்லியமுக்கு 15, 16 வயதுதான். உதவிக்கு வந்த பையன், போகிற வழியெல்லாம் வரைந்து வரைந்தே ஓவியனாகிவிட்டான். அவர்களிடம் 'கேமரா அப்ஸ்கியூரா' என்றொரு கருவி இருந்தது. எதிரே இருக்கும் காட்சியை லென்ஸ் வழியாகத் தாளில் விழவைக்கும். கோட்டை மட்டும் இழுத்தால் போதும். ஏமாத்து வேலைன்னு தோணுதா? கோடு சரியாக விழும், அவ்வளவுதான். வெயிலையும் நிழலையும் கண்தான் பார்க்க வேண்டும்.

திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி என்று சுற்றிவிட்டு 1794-ல் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை அச்சிட்டார்கள். காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டையும் அதில் உண்டு. 1822-ல் வில்லியம் லண்டன் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார்.

இது பாதிக் கதைதான். மீதி, திருச்சி ஓவியர்களுடையது.

19-ம் நூற்றாண்டில் மைக்கா ஓவியங்களுக்குத் திருச்சி பெயர்போன ஊர். மைக்கா என்றால் நம்ம ஊர்க் காக்காப்பொன். கண்ணாடி மாதிரி மெல்லிய அந்தத் தகட்டில் சாமி ஊர்வலம், தச்சர், நெசவாளர், பால்காரி என்று வரைவார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் பயணிகளும் ஊருக்கு எடுத்துப்போக வாங்குவார்கள். சில செட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. முகம் ஒரு அட்டையில் இருக்கும். உடை மட்டும் வரைந்த தகடுகளை அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்தால், ஒரே ஆள் வேறு வேறு தொழில்காரர் ஆகிவிடுவார்!

டேனியல்கள் தூரத்தில் நின்று பாறையைப் பார்த்தார்கள்; இவர்கள் தெருவில் போகிறவரைப் பக்கத்தில் பார்த்தார்கள். ஊரைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால், லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கும் இந்த மைக்கா படங்கள் பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை. ஊர் பெயரோடு சரி. போட்டோவும் தபால் அட்டையும் வந்த பிறகு அந்தத் தொழிலும் படுத்துவிட்டது.

பழைய ஸ்ரீரங்கப் படம் கையில் கிடைத்தால் தெற்கு வாசலைக் கவனியுங்கள். 236 அடி ராஜகோபுரம் கட்டி முடிக்கப்பட்டது 1987-ல்தான். அதற்கு முன்னால் அங்கே இருந்தது மேல் நிலைகள் இல்லாத மொட்டைக் கோபுரம்.

வரையக் கற்பவர்கள் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தொடங்கலாம். பாறையை ஒருமுறை வரைந்துவிட்டு, அப்படியே திரும்பி, படிக்கட்டில் பூ விற்கிறவரையும் வரையுங்கள். மறக்காமல் அவர் பெயரைக் கேட்டு, படத்துக்கு அடியில் எழுதிவையுங்கள்.