சக்கரம் சரியில்லை என்று சொல்ல ஒருவர்

நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டீக்கடையோரம் வண்டியை நிறுத்தியதும் கிளாஸைக் கையில் வாங்கமாட்டார்கள். லிவரை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவார்கள், ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. லிவர் துள்ளினால் காற்று இருக்கிறது. 'பொத்' என்று அமுங்கினால் அந்த டயர் இறங்கிவிட்டது. இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கினால் வெளியே தெரியாது, பாரம் முழுவதையும் பக்கத்து டயர் சுமக்கும், சூடேறும், பிறகு நெருப்பு. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு விமானச் சக்கரத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. பாதியை அவர்களே அறிவார்கள். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்குச் சேவை வருவதும் நிற்பதுமாக இருந்தது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்து சில ஆண்டுகளில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு ஆட்கள் திருச்சிக்குப் போய் ஏறுகிறார்கள். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் இறக்கையைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். கீழே நிற்கும் கால்களை யாரும் பார்ப்பதில்லை.

காமலாபுரத்தில் இறங்கும் ஏடிஆர் 72 வகை விமானத்துக்கு ஆறு சக்கரங்கள்: மூக்கடியில் இரண்டு, இருபுறமும் இரண்டிரண்டு. முழுச் சுமையோடு ஏறத்தாழ 23 டன். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி இதைவிட எடை கூடியது. வித்தியாசம் எடையில் இல்லை, இறங்குகிற விதத்தில் இருக்கிறது. அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் தரையைத் தொட்டு, ஒரே நொடியில் அந்த வேகத்துக்குச் சுழல வேண்டும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தூணுக்குள் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் இருக்கின்றன. லாரியின் ஸ்பிரிங் பட்டை செய்கிற வேலையை அங்கே அந்த இரண்டும் சேர்ந்து செய்கின்றன. தூணில் எண்ணெய் கசிகிறதா, பளபளப்பான தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் யாராவது குனிந்து பார்த்தாக வேண்டும்.

பார்த்தவர் சொன்னதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1991 ஜூலை 11 அன்று ஜெட்டாவில் நடந்ததே சாட்சி. ஹஜ் முடித்த நைஜீரியப் பயணிகளை ஊருக்கு ஏற்றிச் செல்ல, கனடா நிறுவனம் ஒன்றின் டிசி-8 விமானம் வாடகைக்கு வந்திருந்தது. இரண்டு டயர்களில் அழுத்தம் குறைவு என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். நிரப்ப நைட்ரஜன் தேடினார்கள், கைக்கெட்டவில்லை. தாமதமாகும் என்று மேலே இருந்தவர் ஒப்பவில்லை. ஓடுபாதை வரைக்குமான நெடுந்தூர ஓட்டத்திலேயே, காற்றில்லாத டயரின் பாரம் பக்கத்து டயருக்கு ஏறியது. நம் ஓட்டுநர்கள் சொல்கிற அதே கதைதான். விமானம் வேகமெடுத்தபோது டயர்கள் சிதைந்து தீப்பிடித்தன. மேலே எழும்பியதும் வழக்கம்போல் சக்கரங்களை உள்ளே இழுத்தார்கள், நெருப்பும் வயிற்றுக்குள் போனது. விமானத்தில் இருந்த 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெக்கானிக்குகளின் முகம்தான் மனதில் வரும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நிறுத்தும் அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தது.

எதற்கு நைட்ரஜன், சாதாரணக் காற்று ஆகாதா என்று கேட்கலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் பிடித்தபடியே இருந்து சக்கரம் கொதித்தது, டயரில் இருந்ததோ சாதாரணக் காற்று. சூட்டில் ரப்பரிலிருந்து வரும் ஆவியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் டயர் வெடிகுண்டாகிவிடும். அதன்பின் அமெரிக்க விமானத்துறை, பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டளையிட்டது. அளவு மீறிச் சூடேறினால் உருகிக் காற்றைத் திறந்துவிடும் சிறு அடைப்புகளும் விமானச் சக்கரத்தில் உண்டு. ரீட்ரேடிங் செய்த டயரா என்று யாராவது பயந்தால், பயப்பட வேண்டாம். விமான டயர்களையும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளில் ரீட்ரேடிங் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நாமக்கல்காரருக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

நம் நாட்டிலும் சமீபத்தில் எச்சரிக்கைகள் வந்தன. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், சக்கரங்களையும் பிரேக்கையும் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்தார்கள். எத்தனையோ வீடுகளில் டி.வி. முன்னால் கைகூப்பியபடி நின்றார்கள். இரவு 8.15 அளவில் பத்திரமாக இறங்கியது. 2025 செப்டம்பர் 12 அன்று காண்ட்லாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் க்யூ-400 விமானத்தின் வெளிச்சக்கரம் ஒன்று ஓடுபாதையிலேயே கழன்று கிடந்தது. மும்பையில் பாதுகாப்பாக இறக்கினார்கள்.

இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. உயிர் போனது வேறு இடத்தில், பயணிகள் யாரும் பார்க்காத நேரத்தில். 2019 ஜூலை 10 அதிகாலை, கொல்கத்தா விமான நிலையத்தில் க்யூ-400 விமானம் ஒன்றின் வலப்பக்கச் சக்கர அறைக்குள் ஓர் இளம் தொழில்நுட்பர் பராமரிப்பு வேலையில் இருந்தார். ஹைட்ராலிக் அழுத்தத்தில் கதவுகள் திடீரென மூடிக்கொண்டன, அவர் நடுவில் சிக்கி இறந்தார். ஜாக்கி மட்டும் வைத்து, கட்டை கொடுக்காமல் லாரிக்கு அடியில் படுப்பவனைப் பட்டறையில் மூத்தவர்கள் திட்டுவார்களே, விதி அதேதான். அழுத்தத்தை இறக்க வேண்டும். கதவுக்கும் காலுக்கும் பூட்டு ஊசி செருகி, சிவப்பு நாடா தொங்கவிட வேண்டும். விமானி அறையில் லிவரைத் தொடாதே என்று அட்டை மாட்ட வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறார் என்பது வெளியே இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

ஊசி செருகினால் மட்டும் போதாது, சரியான ஓட்டையில் செருக வேண்டும். 2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 787, சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதே மூக்கடியில் மண்டியிட்டு விழுந்தது. ஊசிக்கான ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை இருந்தது. பொறுப்பாளருக்கு உயரம் எட்டவில்லை. இங்கே செருகு என்று அவர் கைகாட்ட, ஏணியில் நின்றவர் பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு வந்திருந்தது, செய்து முடிக்கக் கெடு இருந்ததால் அந்த விமானத்தில் இன்னும் செய்யவில்லை. திறமையானவர்களுக்கும் தவறு நேரும் என்பதால்தான் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடும் முறை விமானத்துறையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அட்லாண்டாவில் டெல்டா நிறுவனத்தின் சக்கரப் பட்டறையில், கழற்றும்போது சக்கரம் வெடித்து இருவர் இறந்தார்கள். பழைய லாரிச் சக்கரத்தில் லாக் ரிங் தெறித்து ஆள் போன சம்பவங்களை நம் பஞ்சர் கடைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்றை முழுதாக இறக்காமல் சக்கரத்தில் கைவைக்கக் கூடாது, கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடைக்க வேண்டும். இரண்டு தொழிலுக்கும் பொது விதி இது.

இந்தியாவில் இந்த வேலைக்கெல்லாம் கணக்குக் கேட்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. பராமரிப்பு நிறுவனத்துக்கு அதன் ஒப்புதல் வேண்டும். வேலை முடிந்து 'பறக்கலாம்' என்று கையெழுத்திடும் பொறியாளருக்கு அதன் உரிமம் வேண்டும். காலுக்கும் ஆயுள் உண்டு: ஏர்பஸ் 320 வகையில் பத்தாண்டுகள் அல்லது 20,000 இறக்கங்கள், எது முந்துகிறதோ அப்போது முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் எண்ணும் வரலாறும் ஏட்டில் இருக்கும், ஏடு இல்லாத பாகத்தை மாட்டக்கூடாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையை 'ஏரோ' படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏரோநாட்டிக்கல் பட்டம் வேறு, விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேறு. பட்டம் இருந்தால் மட்டும் விமானத்தை விடுவிக்கும் கையெழுத்துப் போட முடியாது. அந்த உரிமத்துக்கான பயிற்சி தருகிறோம் என்று சொல்லும் நிறுவனம் டிஜிசிஏவின் சிஏஆர்-147 ஒப்புதல் பெற்றதா என்பதை, பணம் கட்டுவதற்கு முன் டிஜிசிஏ இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை முதலாளிக்கும் அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தனக்குத் தரப்பட்ட வேலையின் பாதுகாப்பு விவரங்களைக் கேட்டுப் பெறலாம். வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருவது, இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவன் என்று சொல்லித் தட்டிக்கழித்தால் அதை நம்பி ஊர் திரும்பிவிடாதீர்கள். பணி ஆணை, சம்பளச் சீட்டு, அன்றைய பணிப் பட்டியல் ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இனிப் பயணிகள். ஒருமுறை ஒரு விமான நிலையத்தில் சக்கரம் மாற்ற வேண்டும் என்று இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "ஒரு சக்கரத்தை மாத்த இவ்வளவு நேரமா?" என்று ஒருவர் கவுன்டரில் இருந்த பெண்ணைப் பிடித்துக் கத்தினார். பலர் கூடச் சேர்ந்தார்கள். ஜெட்டாவில் நிறுத்த முடியாமல் போனதை இங்கே ஒருவர் நிறுத்தியிருக்கிறார் என்று எழுந்து சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. 'கிளப்புங்கள்' என்று கத்துவது, கையெழுத்துப் போட வேண்டியவரின் பேனாவைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். கத்த வேண்டிய விஷயம் வேறு இருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் எங்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

டிஜிசிஏ விதியில் அதற்கு இடமுண்டு. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணமென்றால், இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விடுதி அறை தர வேண்டும். உரிய நேரத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது பணத்தோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்பது உச்சவரம்பு.

நிறுவனங்கள் 'எங்கள் கட்டுப்பாட்டை மீறியது' என்று சொல்லி இழப்பீட்டை மறுக்கலாம். வெள்ளம், கலவரம், வானிலை, அரசு உத்தரவு, வேலைநிறுத்தம் ஆகியவை அந்த விலக்கில் பெயர் சொல்லி இருக்கின்றன. சொந்த விமானத்தின் பராமரிப்போ விமான நிறுவனத்தின் கையில் இருப்பது. அதைப் புயலோடு சேர்த்துப் பேசினால் ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நம் ஊரில் பலரும் சறுக்குகிற இடம் இன்னொன்று. டிக்கெட்டை ஏஜென்ட் போடுவார், தன் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவார். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பயணியின் தொடர்பு எண் தரப்படவில்லை என்றால் இழப்பீடு கேட்க முடியாது என்றே விதி சொல்கிறது. டிக்கெட்டில் உங்கள் எண் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும்போதே பாருங்கள்.

புகாரை முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சேலத்திலோ நாமக்கல்லிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. காயமோ மரணமோ நேர்ந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. விபத்துக்கு நிறுவனத்தின் தவறுதான் காரணம் என்று குடும்பம் நிரூபிக்க வேண்டிய சுமை, குறிப்பிட்ட தொகை வரை அதில் இல்லை. சமாதானத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

நுகர்வோர் வழக்குக்கும் விமானப் பயண இழப்பீட்டு வழக்குக்கும் கெடு இரண்டு ஆண்டுகள். ஆகவே போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். தாமதம் என்று வந்த குறுஞ்செய்தி, அறிவிப்புப் பலகையின் படம், கவுன்டரில் சொன்ன காரணம், சொன்ன நேரம், அங்கே வாங்கிச் சாப்பிட்டதற்கான பில், எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு உறையில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள்.