ஃபோர்க்கை மாற்றும் முன்…

ஒருநாள் காலை நிகழ்ச்சியின்போது, ஒலிபரப்பு மேசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கக்கூட முடியாமல் வலது மணிக்கட்டு வலித்தது. வயதாகிறது என்று நினைத்தேன். முப்பத்தைந்துக்கே வயதா? காரணம், என் சைக்கிளின் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்!

பாரிட் புந்தாரில் ஞாயிறு என்றால் எனக்கு வயல்காடுதான். 1906-இல் நிறைவடைந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால் ஓரம், கல்லும் குழியுமான பாதையில் மிதிப்பேன்.

"ஃபோர்க் போச்சு, மாத்திடுங்க" என்று சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் எதையும் கழற்றவில்லை. மேல் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, என்னை ஏறி உட்காரச் சொன்னார். இறங்கியதும் அளந்தார். 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க், நம் எடைக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமாம். என்னுடையது எட்டுதான் இறங்கியது. 'இறுக்கினால் நல்லது' என்று மேலே உள்ள திருகை நானே கடைசிவரை முறுக்கி வைத்திருந்தேன்! அதைத் தளர்த்தினார். அடுத்த வாரமே வலி குறைந்தது, செலவில்லாமல்.

சில மாதங்களில் 'டக் டக்' என்று சத்தம். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் விரல் வைத்தால் அங்கே ஆட்டம் தெரிகிறதா? இறுக்கினால் போதும். எனக்கோ ஃபோர்க் கால்களிலேயே ஆட்டம். குழாய் தேய்ந்து எண்ணெயும் கசிந்தது. இம்முறை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஒன்றை வாங்கப் போனேன். தவுக்கே தடுத்தார். அதன் கழுத்துக் குழாய் அடியில் ஒன்றரை அங்குலம். என் சட்டத்துக்குப் பொருந்துவது மேலும் கீழும் ஒரே அளவான 28.6 மில்லிமீட்டர். சக்கர அளவு, அச்சு வகை, பிரேக் வகை, அமுங்கும் தூரம் ஆகியவையும் ஒத்துப்போக வேண்டும். அமுங்கும் தூரம் அதிகமானால் முன்பக்கம் உயர்ந்து, வண்டி திரும்பும் விதமே மாறிவிடும்.

கழுத்துக் குழாயை வெட்டுமுன் அவர் இரண்டு முறை அளந்தார். "குறைச்சு வெட்டினா திரும்ப வெட்டலாம், அதிகமா வெட்டினா ஒட்ட முடியாது" என்றார். மாட்டும்போதும் வரிசை உண்டு: முதலில் மேல்மூடித் திருகால் ஆட்டத்தை எடுத்து, பிறகே பக்கத் திருகுகளை இறுக்க வேண்டும்.

வேகமாக இறங்கும்போது நம் முகத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்த ஃபோர்க்தான். ஞாயிறு கிளம்பும் முன், பிரேக்கைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.