அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்: ஆஸ்பத்திரிகளே முடங்கின!

2017 மே 12–ந்தேதி இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் திடீரென முடங்கின. 300 டாலர் கொடுத்தால்தான் பைல்கள் திரும்பக் கிடைக்கும் என்று திரையில் மிரட்டல்! ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

சுமார் 150 நாடுகளில் கைவரிசை காட்டிய ‘வான்னாக்ரை’ வைரசின் வேலை அது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டனர்.

விண்டோஸ்–10 கதி?

விண்டோஸ்–10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14–ந்தேதியோடு நின்றது. கம்ப்யூட்டர் ஓடும், புது ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ்–11 ஏற ‘டி.பி.எம். 2.0’ பாதுகாப்பு வசதி, 4 ஜி.பி. ராம் உள்ளிட்டவை வேண்டும். ஏறுமா, ஏறாதா? மைக்ரோசாப்டின் ‘பி.சி. ஹெல்த் செக்’ புரோகிராம் இலவசமாகவே சொல்லிவிடும்.

கண்ட இடத்தில் ‘ஓசி’ சாப்ட்வேர் வாங்கிப் போட்டால், திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட கதைதான்!