அறுதியுமல்ல, ஒத்தியுமல்ல: ஒரே வீடியோ விளையாட்டை மீண்டும் மீண்டும் வாங்குவது ஏன்?

கொடிகாமம், உசன், மிருசுவில் ஆகிய தென்னஞ்செய்கைப் பகுதிகளில் காணி தொடர்பாக இருவர் பேசத் தொடங்கினால் அது அறுதியா, ஒத்தியா, குத்தகையா என்ற கேள்வியே முதலில் எழும். அறுதி என்றால் காணி முற்றாகக் கைமாறிவிட்டது. வாங்கியவர் அதை விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். ஒத்தி என்றால், கொடுத்த பணத்துக்கு வட்டியாகக் காணியின் பயனை அனுபவிக்கலாம். உரியவர் பணத்தைத் திருப்பித் தந்ததும் காணியை விட்டுக் கொடுக்க வேண்டும். குத்தகை என்றால் பேசிக்கொண்ட காலத்துக்குத் தேங்காயைப் பறிக்கலாம், மரத்தைத் தறிக்க முடியாது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியினால் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் ஒத்தியைப் பற்றிப் பேசுகின்றது. எழுத்தறியாதவர்கூட இவற்றின் வேறுபாட்டை நன்கறிந்து வைத்திருக்கின்ற சமூகம் நமது சமூகம்.

அதே வீடுகளில் இன்று பிள்ளைகளுக்காக வாங்கப்படுகின்ற ஒரு பொருள் தொடர்பில் மாத்திரம் இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. வீடியோ விளையாட்டுகளையே குறிப்பிடுகின்றோம். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள மாமன் விளையாட்டுப் பெட்டியொன்றை அனுப்பி வைக்கின்றார். அதற்கு வேண்டிய விளையாட்டுகள் இணையத்தினூடாகப் பணம் செலுத்தி வாங்கப்படுகின்றன. சில ஆண்டுகள் கழிந்ததும் அதே விளையாட்டுக்கு மீண்டும் பணம் கேட்கின்றான் பிள்ளை. முன்னர் வாங்கியது எங்கே என்று கேட்கும் தந்தைக்கு அவன் சொல்லும் விளக்கம் புரிவதில்லை. வீண்செலவுக்குச் சொல்லும் சாட்டு என்றே அவர் கருதுகின்றார். பெரும்பாலான வேளைகளில் பிள்ளை சொல்வது உண்மை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஒரே பொருளைப் பல வடிவங்களில் வாங்குவது நமக்குப் புதிதன்று. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்களையும் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்களையும் இசைத்தட்டில் வாங்கியவர்கள் பின்னர் அவற்றையே ஒலிநாடாவில் வாங்கினார்கள், அதன்பின் இறுவட்டில் வாங்கினார்கள். பாடல் மாறவில்லை, கேட்கும் கருவி மாறியது. ஆயினும் பழைய இசைத்தட்டு வீட்டிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்து 'றெக்கோடிங் பார்'களில் கொடுத்து அதை ஒலிநாடாவில் ஏற்றிக்கொள்ளவும் முடிந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமின்றிப் பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அந்த ஒலிநாடாக்களைக் கேட்ட தலைமுறையொன்று இங்கு உண்டு. விற்றவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக எவருடைய ஒலிநாடாவும் ஊமையாகிவிடவில்லை.

வீடியோ விளையாட்டில் மீள்கொள்வனவுக்கு முதற் காரணம் இயந்திரத்தின் மாற்றமாகும். சோனி நிறுவனம் 2000 இல் வெளியிட்ட இரண்டாவது பிளேஸ்டேஷன், முதலாவதன் இறுவட்டுகளை ஏற்றுக்கொண்டது. 2013 இல் வந்த நான்காவது பிளேஸ்டேஷனோ மூன்றாவதன் இறுவட்டுகளை ஏற்கவில்லை. இரண்டின் உள்ளமைப்பும் முற்றிலும் வேறானவையாதலால், ஒன்றுக்கு எழுதப்பட்ட நிரலை மற்றையது அறியாது. 'த லாஸ்ற் ஒஃப் அஸ்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு மூன்றாவது பிளேஸ்டேஷனுக்காக 2013 ஜூனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜூலையிலேயே நான்காவதற்கு மெருகூட்டப்பட்ட பதிப்பு வந்தது. 2022 செப்டெம்பரில் ஐந்தாவதற்குப் புதிதாக வரையப்பட்ட பதிப்பு வந்தது. கதை ஒன்று, விலை மூன்று முறை. 'கிரான்ட் தெஃப்ட் ஓட்டோ 5' 2013, 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு இயந்திரங்களுக்காக வெளியிடப்பட்டு, 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளது. (அது சிறுவர்களுக்குரியதன்று என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நன்று.) இத்தனை கோடிப் பிரதிகளும் இத்தனை கோடித் தனித்தனி மனிதர்களுக்கு விற்கப்பட்டவையல்ல.

2011 இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' 2016 இலும் 2017 இலும் 2021 இலும் வெவ்வேறு பதிப்புகளாக வந்தபோது இரசிகர்களே அதை நகைச்சுவையாக்கினார்கள். மக்கள் வாங்குவதை நிறுத்தினால் தாமும் வெளியிடுவதை நிறுத்துவோம் என்ற கருத்தை அதன் இயக்குநர் டொட் ஹவார்ட் தெரிவித்திருந்தார். அந்தப் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. மெருகூட்டிய பதிப்பை விரும்பி வாங்குபவரைக் குறைசொல்ல நமக்கு இடமில்லை. புத்தகத்தின் திருத்திய பதிப்பை வாங்குவது போன்றதே அது.

நமது ஊர்களில் இந்த விடயம் வேறொரு வேடிக்கையான உருவிலும் வந்து போனது. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் மலிவான 'ரீவி கேம்' பெட்டிகளுடன் விற்கப்பட்ட அட்டைகளில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளதாக அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில மாத்திரமே. அவையே பெயரும் நிறமும் மாறி மீண்டும் மீண்டும் வரும். ஒரே விளையாட்டை ஒரே அட்டையிலேயே நூறு தடவை வாங்கியவர்கள் அந்நாளையச் சிறுவர்கள். ஆனாலும் அந்த அட்டை அவர்களுடையதாகவே இருந்தது. அயல்வீட்டுப் பையனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

இரண்டாவது காரணம்தான் பாரதூரமானது. இணையக் கடைகளில் 'வாங்கு' என்று எழுதப்பட்ட பொத்தானை அழுத்தும்போது விளையாட்டு நமக்கு விற்கப்படுவதில்லை. அதனைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மாத்திரமே வழங்கப்படுகின்றது. எவரும் வாசிக்காத நீண்ட ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கின்றது. அந்த அனுமதியை நிறுவனம் விலக்கிக்கொள்ளவும் முடியும். யூபிசொஃப்ட் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 'த க்ரூ' என்ற வாகன ஓட்ட விளையாட்டு இதற்குத் தக்க சான்றாகும். தனியே விளையாடுபவருக்கும் நிறுவனத்தின் வழங்கியுடன் இணைப்புத் தேவைப்பட்ட அந்த விளையாட்டு, 2024 மார்ச் 31 ஆம் திகதி வழங்கிகள் நிறுத்தப்பட்டதும் இயங்காமற் போனது. இறுவட்டாக வாங்கி அலுமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அண்மையில் வாங்கிய சிலரைத் தவிர ஏனையோருக்குப் பணம் திரும்பவில்லை. நின்டெண்டோ நிறுவனம் 'வீ' இயந்திரத்தின் இணையக் கடையை 2019 ஜனவரியிலும், '3டிஎஸ்', 'வீ யூ' இயந்திரங்களின் கடைகளை 2023 மார்ச்சிலும் மூடியது. அங்கு வாங்கிய பழைய விளையாட்டுகளைப் பின்வந்த 'சுவிட்ச்' இயந்திரத்துக்குக் கொண்டுசெல்ல வழி வைக்கப்படவில்லை. அவற்றிற் பலவற்றை இப்போது மாதச் சந்தா கட்டியே விளையாட வேண்டியுள்ளது.

நூல்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலின் பிரதியொன்றை, விற்றவருக்கு உரிமை இருக்கவில்லை என்ற காரணத்தால், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அரசொன்று ஆவணங்களை அழிப்பதைச் சித்திரிக்கும் நாவலுக்கே இவ்வாறு நேர்ந்ததை உலகம் இன்னும் மறக்கவில்லை.

வெளிநாட்டு உறவினரின் பணத்தில் வாங்குவோருக்கு மேலுமொரு சிக்கல் உண்டு. விளையாட்டு வாங்கப்படுவது ஒருவரின் கணக்கிலேயாகும். ரொறன்ரோவிலுள்ள மாமனின் கணக்கில் வாங்கப்பட்டதைக் கொடிகாமத்திலுள்ள மருமகனின் கணக்குக்கு மாற்ற முடியாது. மருமகன் வளர்ந்து தனக்கெனக் கணக்கொன்றைத் திறக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற பெரிய இணையக் கடையின் கணக்கை மரணசாதனம் மூலமாகவும் ஒருவருக்கு விட்டுச்செல்ல முடியாது என்பதை அந்நிறுவனம் 2024 இல் தெளிவுபடுத்தியது. தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. தந்தை தேடியது மகனுக்கு முதுசமாகும் என்பதே அதன் போக்கு. ஒருபோதும் முதுசமாக முடியாத தேட்டமொன்றை இந்த நூற்றாண்டு கண்டுபிடித்திருக்கின்றது.

அப்படியாயின் இந்தக் கொடுக்கல்வாங்கலுக்கு என்ன பெயர் சூட்டுவது? அறுதியன்று, விற்கவும் கொடுக்கவும் முடியாது. ஒத்தியுமன்று; ஒத்திக் காணியை மீட்பவர் முதலிற் பணத்தை எண்ணி வைக்க வேண்டும். கூகிள் நிறுவனம் தனது ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, விளையாட்டுகளுக்காகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் 2019 இல் தனது மின்னூற் கடையை மூடியபோது அவ்வாறே செய்தது. அவை ஒத்தியின் நியாயத்துக்கு நெருங்கியவை. ஆனால் அவை விதியல்ல, விதிவிலக்கு. குத்தகையென்றும் சொல்வதற்கில்லை, குத்தகைக்குக் காலவரையறை உண்டு. இஸ்லாமிய வணிக நெறியும் விற்பனையை வேறாகவும், இஜாரா எனப்படும் வாடகையை வேறாகவும் வைத்திருக்கின்றது. இஜாராவில் காலம் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். எதை, எவ்வளவுக்கு, எதுவரை என்பது தெளிவில்லாத வியாபாரத்தைக் 'கரர்' என்று அது விலக்குகின்றது. இரு சமூகங்களின் பழைய சட்ட அறிவும் ஒருசேரச் சந்தேகத்துடன் நோக்கும் ஓர் ஒப்பந்தத்தைத்தான் நமது பிள்ளைகள் ஒற்றை விரலால் அழுத்தி ஏற்றுக்கொள்கின்றார்கள்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். வாங்கிய பொருளை மீண்டும் வாங்குவதன் வலியை இந்த மண்ணின் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தையல் இயந்திரத்திலிருந்து பாத்திரம் வரை அனைத்தையும் புத்தளத்திலும் பிற இடங்களிலும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு இடங்கொடுத்த தென்மராட்சி மக்கள் 2000 ஆம் ஆண்டுப் போரில் தாமே இடம்பெயர்ந்து, திரும்பியபோது கூரையையும் கதவையும்கூட மறுபடி வாங்கினார்கள். அந்த இழப்பையும் இதனையும் ஒரே தராசில் வைப்பது தகாது. ஆயினும் உறுதியைப் பத்திரப்படுத்தியவர்கள் போருக்குப் பின்னர் காணியைக் கேட்டு நிற்க முடிந்தது என்பதையும், அது இல்லாதவர்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். உரிமைக்கு எழுத்து வேண்டும் என்பது இங்கு ஏட்டுப் படிப்பல்ல. ஒரு தலைமுறைப் பிள்ளைகள், பணம் கொடுப்பதற்கும் உரிமை பெறுவதற்கும் தொடர்பே இல்லையென்ற எண்ணத்துடன் வளர்வது சிறிய விடயமாக எமக்குத் தோன்றவில்லை. விளையாட்டில் தொடங்கிய இந்த முறை பாடல், திரைப்படம், நூல் என்று பரவிவிட்டது.

திருட்டுப் பிரதி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கூறுவோரும் உளர். ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டதன் பின்னர் மலிவான இறுவட்டுகள் இங்கு தாராளமாகக் கிடைத்த காலத்தை நினைவில் வைத்தே அவர்கள் அவ்வாறு கூறுகின்றார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி திருட்டுப் பிரதி விற்பது குற்றமாகும். உழைத்து ஆக்கியவரின் கூலியைப் பறிப்பதுமாகும். அதை நாம் ஆதரிக்கவில்லை. எனினும், திருட்டுப் பிரதி வைத்திருப்பவரின் விளையாட்டு தொடர்ந்து இயங்க, முறையாகப் பணம் கொடுத்தவரின் விளையாட்டு மட்டும் அணைந்துபோகும் நிலையை உருவாக்கியவர்கள் நிறுவனத்தாரே என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பிற நாடுகளில் சட்டம் மெல்ல அசையத் தொடங்கியுள்ளது. உண்மையில் அனுமதி மாத்திரமே வழங்கப்படுமாயின் அதனை வாங்குபவருக்குத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முற்றாகத் தரவிறக்கி இணையத் தொடர்பின்றி வைத்திருக்கக்கூடியவற்றுக்கு அதில் விலக்குண்டு. 'த க்ரூ' அணைக்கப்பட்டதை அடுத்து எழுந்த இயக்கத்தினர், விற்ற விளையாட்டை இயங்கும் நிலையிலேயே விட்டுச்செல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துமாறு ஐரோப்பிய ஒன்றியத்திடம் முன்வைத்த கோரிக்கைக்கு 2025 ஜூலையில் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டிருந்தனர். நமது நாட்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டுக்குரியது. கைக்கு எட்டாத பொருள் இணையத்தில் விற்கப்படும் நிலை இங்கு பரவுவதற்கு முன்னர் எழுதப்பட்டது அது.

சட்டம் வரும்வரை வாங்குபவர் கவனிக்கக்கூடியவை சில உண்டு. தனியே விளையாடும்போதும் இணைய இணைப்பைக் கேட்கும் விளையாட்டு, நிறுவனம் விரும்பும்வரையே உயிருடனிருக்கும். கணக்கு எவருடைய பெயரில் திறக்கப்படுகின்றதோ விளையாட்டும் அவருடனேயே நிற்கும்; ஆகவே பிள்ளை நீண்டகாலம் வைத்திருக்கப்போகும் கணக்கிலேயே வாங்குவது நல்லது. கணினிக்கு வாங்குவோர், பூட்டில்லாத கோப்பாகவே தரும் ஜி.ஓ.ஜி. போன்ற கடையில் வாங்கினால் அதனை வன்தட்டில் பிரதிசெய்து வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்பும் உறவினரிடம், இறுவட்டுச் செருகும் வாயிலுள்ள மாதிரியைக் கேட்பது பயன்தரும். ஐந்தாவது பிளேஸ்டேஷனின் விலை குறைந்த மாதிரி அந்த வாயில் இல்லாமலே விற்கப்படுகின்றது. அதில் இரவல் இறுவட்டும் பழைய இறுவட்டும் செல்லாது. 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ 'சுவிட்ச் 2' இயந்திரத்துக்கான அட்டைகளில் ஒரு வகையில் விளையாட்டே இருப்பதில்லை, தரவிறக்குவதற்கான திறவுகோல் மாத்திரமே இருக்கின்றது. அத்தகைய அட்டையா என்பது பெட்டியின் முகப்பின் கீழ்ப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும்.